கோலி இழுப்புப் பெட்டி: விட்டுக்கொடுக்காத பிள்ளையா, விளங்காத பெட்டியா?

அரசலாறு

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் இடையில் நான்கு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள், கும்பகோணம் நகரத்துக்குள் இரண்டு பள்ளிகள். இந்த ஆறிலும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம், உளவியலாளர் மில்லார்டு மேட்சன் 1971-இல் வெளியிட்ட கோலி இழுப்புச் சோதனையைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நீளமான பலகையின் இரு முனையிலும் ஆளுக்கொரு பிள்ளை உட்காரும். நடுவில் ஒரு கட்டை, அதன் குழிக்குள் கோலி. கட்டையின் இரு பக்கமும் கயிறு. ஒருவர் இழுக்க மற்றவர் விட்டுக்கொடுத்தால் கட்டை நகர்ந்து, இழுத்தவர் கிண்ணத்தில் கோலி விழும். இருவரும் சேர்ந்து இழுத்தால், காந்தத்தால் ஒட்டியிருக்கும் கட்டை இரண்டாகப் பிரிந்து கோலி ஓரத்து வாய்க்காலுக்குள் ஓடிவிடும், யாருக்கும் இல்லை. மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தால் ஆளுக்குப் பாதி. மெக்ஸிகோவின் சிற்றூர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்து ஆடினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகள், அதிலும் வயது கூடியவர்கள், இருவருக்கும் கிடைக்காமல் போகும் அளவுக்கு இழுத்தார்கள் என்பது அன்றைய முடிவு.

மூன்று கேள்விகள். பெட்டியை இங்கேயே செய்ய என்ன அளவு? கிராமம்–நகரம் ஒப்பீடு இதில் நிற்குமா? கோடியக்கரைக் குரங்குகளிடம் இதே மாதிரி ஒரு கயிற்றுச் சோதனை வைத்து, ஒப்பீட்டுக்கு ஓர் அத்தியாயம் சேர்க்கலாமா?

தச்சுப்பட்டறை

பெட்டிக்கு நான் சொல்றேன் தம்பி. 12 மி.மீ. பிளைவுட், 80 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். மேல மைக்கா ஒட்டிடுங்க. வெறும் மரத்துல பண்ணா ஐப்பசி மழையில ஊதிக்கும், கட்டை நகராது. ரெண்டு முனையிலயும் 25 மி.மீ. ஓட்டை, அடியில எவர்சில்வர் கிண்ணம்.

கட்டை 4 செ.மீ. உயரம், ரெண்டு பாதி. ரெண்டும் சேர்ற இடத்துல 22 மி.மீ. துளை, மேல இருந்து அடி வரைக்கும். சாதாரணக் கண்ணாடிக் கோலி 16 மி.மீ. இருக்கும். அது பலகை மேலயே உருண்டு வரும், கட்டை சும்மா வேலி மாதிரி சுத்தி நிக்குது, அவ்வளவுதான். முனை ஓட்டைக்கு மேல வந்ததும் தானா விழுந்துடும்.

எல்லாரும் கோட்டை விடறது ஓரச் சட்டத்துல. கட்டை கோணாம போகணும்னு ரெண்டு பக்கமும் சட்டம் அடிச்சுடுவாங்க. அப்புறம் கட்டை பிரிஞ்சாலும் கோலி வெளில போக வழி இருக்காது, அங்கேயே நிக்கும், பிள்ளைங்க கையால எடுத்துக்கும். சட்டத்தைப் பலகையிலேர்ந்து 20 மி.மீ. தூக்கி அடிங்க. கட்டை சட்டத்துல உரசிக்கிட்டு நேரா போகும், கோலி சட்டத்துக்கு அடியில உருண்டு வாய்க்காலுக்குப் போயிடும். பலகையோட ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ. தக்கை கொடுத்துத் தூக்கிடுங்க, அந்தச் சரிவு போதும்.

கயிறு பம்பரச் சாட்டைக் கயிறு, பருத்தி. நைலான் நீளும், நீண்டு வெடுக்குனு சுண்டும். முனையில மர வளையம், உள் விட்டம் 3 செ.மீ.

காந்தந்தான் உயிர். சின்னதா பளபளன்னு விக்கிற நியோடிமியம் காந்தத்தை அப்படியே போட்டா பிரியவே பிரியாது, பலமுள்ள பிள்ளை கட்டையோட எதிராளியையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துடும். 8 மி.மீ. காந்தம் ரெண்டு வச்சு நடுவுல அட்டை சொருகுங்க. தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் தராசு ஒண்ணை ஒரு கயித்துல மாட்டி, மறு பாதியைக் கையால பிடிச்சுக்கிட்டு இழுத்துப் பாருங்க. 400லேர்ந்து 600 கிராமுக்குள்ள பிரியணும். கட்டையை மட்டும் நகத்த 100 கிராமுக்கு மேல வேணாம், கேரம் பவுடர் தூவிக்கலாம். 200 கிராமுலயே பிரிஞ்சா ஒருத்தரே இழுத்தாலும் வெடுக்குல பிரிஞ்சுடும். ஒரு கிலோவுக்குப் போனா நீங்க அளக்குறது கை பலத்தை.

தினமும் காலையில ஆரம்பிக்கிறதுக்கு முன்ன ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தராசு போட்டு நோட்டுல எழுதிடுங்க. அட்டை வேர்வையில நைஞ்சு மெலிஞ்சுடும், காந்தம் விளிம்புல உடையும். உடைஞ்சா பிரியிற எடை மாறிப்போச்சுன்னு அர்த்தம்.

பாலர்வாசல்

அளவுகளுக்கு நன்றி அண்ணே. அந்தத் தராசு எண்ணைக் கட்டுரையிலேயே போட வேண்டும், அரசலாறு. பலரும் போடுவதில்லை.

பெட்டி சரியாக இருந்தாலும் இந்தச் சோதனையில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பத்து முறையும் கட்டை பிரிந்துவிட்டது என்றால் நமக்குத் தெரிவது, கோலி கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். போட்டி போட்டார்களா, இருவரும் இழுத்தால் பிரியும் என்பதே விளங்கவில்லையா, அல்லது டக்கென்று பிரியும் சத்தம் பிடித்துப்போய் வேண்டுமென்றே பிரித்தார்களா? மூன்றுக்கும் எண் ஒன்றுதான். ஆறு, ஏழு வயதில் மூன்றாவது மிகச் சாதாரணம்.

அதனால் இருவரைச் சேர்த்து உட்கார வைக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக. இரண்டு கயிற்றையும் அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் இஷ்டம்போல ஆடட்டும். பிரிக்கும் ஆசை அங்கேயே தீரட்டும். பிறகு, "இந்தப் பக்கக் கிண்ணத்துல கோலியைப் போடு", "இப்ப அந்தப் பக்கம்", "இப்ப யாருக்கும் கிடைக்காத மாதிரி பண்ணு" என்று மூன்று வேலை. மூன்றையும் செய்தால்தான் பெட்டி விளங்கியது என்று கொள்ளலாம். தவறினால் ஒரே ஒரு முறை திரும்பக் காட்டி, மறுபடி மூன்றும். அதற்கு மேல் பழக்கினால் நாம் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர்களாகிவிடுவோம்.

சொல்லும் வார்த்தை எல்லாப் பள்ளியிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். "கோலி எந்தக் கிண்ணத்துல விழுதோ அது அந்தக் கிண்ணத்துக்காரங்களுக்கு." அவ்வளவுதான். "ஜெயிக்கிறவங்களுக்கு" என்று வாய் தவறி ஒரு முறை வந்தாலும் அந்த ஜோடியின் கணக்கு கெட்டுவிடும். வகுப்பாசிரியர் அறைக்குள் இருக்க வேண்டாம். இருந்தால், "விட்டுக் குடுத்து விளையாடுங்கடா" என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

தொடக்கப்பள்ளி_மன்னை

வெகுமதி என்ன கொடுக்கப்போகிறீர்கள்? கோலியையே கொடுத்தால் ஆண் பிள்ளைகளுக்கு இருக்கும் மதிப்பு பெண் பிள்ளைகளில் பலருக்கு இருக்காது. மிட்டாய் என்றால் வாங்கியவுடன் தின்றுவிட்டு அடுத்த ஜோடியிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். கோலியை எண்ணிக்கொண்டு பென்சில், ரப்பர், ஸ்டிக்கர் என்று பிள்ளை விரும்பியதற்கு மாற்றிக்கொள்ள ஒரு சின்னக் கடை மாதிரி வைக்கலாம். மாற்று விகிதத்தை ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

நேரம்: காலை உணவும் இறைவணக்கமும் முடிந்து, மதிய உணவு மணிக்கு அரை மணி முன்னால் வரை. அதற்குப் பிறகு குழந்தையின் கண் சமையலறைப் பக்கம் இருக்கும். ஒப்புதல் படிவத்தைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் பாதி திரும்பாது. நடவு நாள்களில் அம்மாக்கள் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார்கள், பகலில் வீடு வீடாகப் போவது வீண். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று பெட்டியையே கொண்டுபோய்ப் பெற்றோரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பது இரண்டு நிமிடத்தில் புரியும்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் பெற்றோர் ஒப்புதலுக்கு மேல் வாய்மொழிச் சம்மதமும் கேட்டுப் பதிய வேண்டும். "வரலை" என்று சொல்லும் பிள்ளையை, பெற்றோர் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக உட்கார வைக்கக் கூடாது.

வெட்டாறு

கிராமம்–நகரம் கேள்விக்கு இவ்வளவு தயக்கம் எதற்கு? இங்கே கிராமத்துப் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்ப்பது கூட்டு வேலையைத்தான். நடவுக்குக் குழுவாகப் போகிறார்கள், தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள், தூர் வார ஊரே இறங்குகிறது. மெக்ஸிகோ சிற்றூரில் வந்த முடிவு இங்கேயும் வரும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

பாலர்வாசல்

எதிர்பார்ப்பதில் தவறில்லை, வெட்டாறு சார். வந்த பிறகு அதற்குக் காரணம் முறைப்பாசனம் என்று எழுதுவதில்தான் தவறு. ஒரே தெருவில் இருக்கும் பிள்ளைகள் மாமன் மகன், சித்தி மகள் என்று உறவாக இருப்பார்கள். நகரத்துப் பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வேறு பேட்டையிலிருந்து வேனில் வருவது. அப்போது நாம் ஒப்பிடுவது கிராமத்தையும் நகரத்தையுமா, சொந்தக்காரர்களையும் அறிமுகமில்லாதவர்களையுமா? ஒவ்வொரு ஜோடிக்கும் உறவா, ஒரே தெருவா, பள்ளிக்கு வெளியே சேர்ந்து விளையாடுவார்களா என்று குறித்தாக வேண்டும். வேறு வேறு தெருப் பிள்ளைகளை ஜோடி சேர்க்கும்போது வரும் தயக்கம் நம் ஊரில் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். சீட்டுக் குலுக்கி ஜோடி சேருங்கள்.

இன்னொன்று. விட்டுக்கொடுத்தல் என்பது ஒரே குணம் இல்லை. 2015-இல் பிளேக்கும் மெக்காலிஃபும் மற்றவர்களும் நேச்சர் இதழில் ஏழு நாடுகளின் பிள்ளைகளை வைத்து வெளியிட்டது நினைவிருக்கும்: இந்தியாவும் உண்டு, 4 முதல் 15 வயது, 866 ஜோடிகள். ஒரு பிள்ளையின் கையில் இரண்டு கைப்பிடி. ஒன்றை இழுத்தால் பங்கு இருவருக்கும் போகும், மற்றதை இழுத்தால் இருவருக்கும் இல்லை. தனக்குக் குறைவாக வரும்போது மறுப்பது ஏழு நாட்டிலும் இருந்தது. தனக்கு அதிகமாக வரும்போது மறுப்பது கனடா, அமெரிக்கா, உகாண்டா மூன்றில் மட்டும், அதுவும் வயது கூடிய பிள்ளைகளிடம். கனடாவையும் உகாண்டாவையும் ஒரு பக்கம் சேர்க்கும் இந்த முடிவை, கிராமம் என்றால் பகிர்வு, நகரம் என்றால் போட்டி என்ற கோட்டில் எப்படி நிறுத்துவீர்கள்?

புள்ளிவிவரம்

எண்ணிக்கை பற்றி ஒன்று. நீங்கள் 120 பிள்ளைகளை வைத்துச் செய்தால் உங்களிடம் இருப்பது 60 ஜோடிகள். ஒரு பிள்ளை எடுத்த கோலி மற்றதின் கோலியோடு கட்டிப்போடப்பட்டது. இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டு ஆய்ந்தால் முடிவு பொய்யாக வலுக்கும். அதற்கு மேல், ஜோடிகள் பள்ளிக்குள் இருக்கின்றன. கிராமம்–நகரம் என்ற கேள்விக்கு உங்கள் கையில் இருப்பது ஆறு பள்ளி, நாலுக்கு இரண்டு. ஒரு நகரப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கெடுபிடியானவர் என்றாலே முடிவு திரும்பிவிடும். பிள்ளைகளை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, பள்ளிகளைக் கூட்ட வேண்டும்.

பள்ளிக்கு உள்ளேயே ஒப்பிடுங்கள். ஷப்பீராவும் மேட்சனும் 1969-இல் இஸ்ரேலில் கிபுட்ஸ் (கூட்டு வாழ்வுப் பண்ணைக் குடியிருப்பு) பிள்ளைகளையும் நகரப் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது அதுதான். பரிசு குழுவுக்கு என்றபோது இரண்டு தரப்பும் ஒத்துழைத்தது. ஆளாளுக்கு என்று மாற்றியதும் நகரப் பிள்ளைகளிடம் ஒத்துழைப்பு சரிந்தது. உங்கள் பெட்டியில் இதற்கு ஒரு துண்டு மரமும் கூடுதலாகத் தேவையில்லை. பாதி ஜோடிகளுக்கு, "எந்தக் கிண்ணத்துல விழுந்தாலும் ரெண்டு பேருக்கும் சமமா" என்று சொல்லுங்கள், மீதிக்கு வழக்கம்போல. யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு, அதையும் பள்ளி வாரியாக.

அரசலாறு

இருவருக்கும் சமம் என்பதைப் பொதுக் கிண்ணம் என்றும், அவரவர் கிண்ணம் அவரவருக்கு என்பதைத் தனிக் கிண்ணம் என்றும் வைத்துக்கொள்வோம். பொதுக் கிண்ண நிலையில் நன்றாக ஆடிவிட்டு, தனிக் கிண்ண நிலையில் மட்டும் கட்டை பிரிந்தால், பெட்டி விளங்கியிருக்கிறது, பிரிந்தது போட்டியால்தான் என்று சொல்லலாம். சரிதானே? பொதுக் கிண்ணத்திலும் பிரிந்தால்?

பாலர்வாசல்

பொதுக் கிண்ணத்திலும் பிரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எதிராளியின் கையைப் பார்த்து நிறுத்துவது இன்னும் கைவரவில்லை. அவர்களைப் போட்டிக் குணம் உள்ளவர்கள் என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. இந்தத் துறையில் நல்ல கட்டுரைகளையெல்லாம் தாங்கி நிற்பது இந்த மாதிரி ஒப்பீட்டு நிலைதான்.

வார்னெக்கனும் டோமசெல்லோவும் 2006-இல் செய்ததைப் பாருங்கள். 18 மாதக் குழந்தைகள் 24 பேர். துணி காயப்போடும் பெரியவர் கிளிப்பைக் கீழே விட்டுவிட்டு எட்டாமல் கை நீட்டுகிறார். முதல் 10 வினாடி பொருளை மட்டும் பார்ப்பார். அடுத்த 10 வினாடி பொருளையும் குழந்தையையும் மாறி மாறி. அதன் பிறகுதான் வாய் திறந்து, கிளிப் விழுந்துவிட்டதே என்பார். 22 குழந்தைகள் ஏதாவது ஒரு வேலையிலாவது உதவின, பெரும்பாலும் அவர் வாய் திறப்பதற்கு முன்பே. ஆனால் அதே கிளிப்பை அவர் வேண்டுமென்றே வீசிய நிலையும் இருந்தது. அங்கே அவ்வளவாக எடுத்துக் கொடுக்கவில்லை. அது இல்லையென்றால், கீழே விழுந்ததை எடுத்து நீட்டுவது குழந்தைக்கு ஒரு விளையாட்டு என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம்.

அங்கன்வாடியில் இதைச் செய்ய நினைப்பவர்கள், உதவியதும் மிட்டாய் நீட்டாதீர்கள். 2008-இல் அதே இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் காட்டியது: உதவிக்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பொருளை நிறுத்தியதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள்.

வெட்டாறு

பொதுக் கிண்ணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டு வேலைக்கு ஒரு பலனும் இல்லை என்பது போலப் பேசுகிறீர்கள்.

பாலர்வாசல்

இல்லவே இல்லை சார். பலன் உண்டு என்பதற்கு நேரடி ஆதாரமே இருக்கிறது. ஹமானும் மற்றவர்களும் 2011-இல் செய்தது: 3 வயதுப் பிள்ளைகள் இருவர். சேர்ந்து கயிறு இழுத்தால் ஒருவர் பக்கம் 3, மற்றவர் பக்கம் 1 வந்து சேரும். சேர்ந்து இழுத்துக் கிடைத்தபோது மூன்று வைத்திருந்த பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுத்துச் சமமாக்கியது. சும்மா கிடைத்தபோதும், தனித்தனியாக வேலை செய்து கிடைத்தபோதும் அவ்வளவு கொடுக்கவில்லை. சிம்பன்சிகளிடம் இந்த வேறுபாடு வரவில்லை. கூட்டு உழைப்பு பங்கீட்டை மாற்றுகிறது என்பது உங்கள் பேச்சுதான். ஆனால் அது ஒரே மாதிரிப் பிள்ளைகளிடம், நிலையை மாற்றிக் காட்டப்பட்டது. ஊரை மாற்றி அல்ல.

கோடியக்கரையான்

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: கயிற்றுச் சோதனை வேண்டாம், கூர்நோக்கு மட்டும்.

முதலில் சோதனையைப் பற்றி. ஹிராட்டாவும் ஃபூவாவும் 2007-இல் சிம்பன்சிகளுக்கு வைத்த தளர்கயிறு இதுதான்: ஒரே கயிறு, பலகையின் வளையங்களுக்குள் போய் இரு முனையும் வெளியே வரும். இருவரும் ஒன்றாக இழுத்தால் பலகை வரும். ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு விலங்குகள் இழுத்துவிட்டன என்பது ஒத்துழைப்புக்குச் சான்றாகாது. காக்கை இனத்து ரூக் பறவைகள் ஜோடியாக இதை இழுத்துவிட்டன, ஆனால் துணையைச் சற்றுத் தாமதமாக உள்ளே விட்டபோது காத்திருக்கவில்லை (2008). உணவைப் பார்த்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்திருக்கின்றன, அவ்வளவே. தாய்லாந்தில் பிளாட்னிக் 2011-இல் வெளியிட்ட யானைகள் துணை வரும்வரை 45 வினாடி வரை காத்திருந்தன. ஒரு யானை கயிற்று முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்க, இழுக்கும் வேலையைத் துணை செய்தது. உங்கள் பொதுக் கிண்ணம் எதற்கோ, இந்தத் தாமதமும் அதற்குத்தான்.

இங்கே அதை வைக்க முடியாததற்குக் காரணங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வென்றால் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உணவு வைக்கும் திட்டத்துக்கு அது கிடைக்கவும் கூடாது. ஏற்கெனவே வண்டி நிறுத்தும் இடத்தில் பொட்டலம் பிடுங்கப் பழகிய குல்லாய்க் குரங்குகள் (மக்காக் இனம்) அவை. உணவோடு பலகை வைத்தால் உயர்நிலை ஆண் அதன்மேல் உட்கார்ந்துவிடும், மற்றவை கிட்டவே வராது. அதைப் பார்த்து இந்த இனம் ஒத்துழைக்காது என்று எழுதினால், பாலர்வாசல் அக்கா பிள்ளைகளுக்குச் சொன்ன அதே தவறு. மெலிஸ், ஹேர், டோமசெல்லோ 2006-இல் காட்டியது இதைத்தான்: உணவருகே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும் சிம்பன்சி ஜோடிகள்தாம் சேர்ந்து இழுத்தன. தடுத்தது சகிப்பின்மை, அறிவுக்குறைவு அல்ல. பார்பரி மக்காக் குரங்குகளிடம் காட்டிலேயே தளர்கயிறு வைத்தவர்கள் உண்டு, ஆனால் அவை ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்து, ஆய்வாளருக்குப் பழகிய கூட்டங்கள்.

ஒரே வேலைக்கு ஒரு குரங்குக்கு வெள்ளரியும் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சையும் கொடுத்து 2003-இல் பிராஸ்னனும் டி வாலும் கப்பூச்சின் குரங்குகளிடம் செய்ததைக் கோயில் குரங்கிடம் செய்து பார்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்பே சொல்கிறேன். அங்கேயும் விவாதம், வெள்ளரியை வீசியது அநியாயத்துக்கா, கண்ணெதிரே திராட்சை இருந்த ஏமாற்றத்துக்கா என்பதுதான். திறந்தவெளியில் அதைப் பிரித்தறிய வழியே இல்லை. மக்காக் குரங்குகள் மனிதருக்கு ஆபத்தான பி வைரஸைச் சுமக்கக்கூடும். வெறிநோய் ஆபத்தும் உண்டு. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கூர்நோக்குக்கு: ஒரு குரங்கைத் தேர்ந்து 15 நிமிடம் விடாமல் பார்ப்பது, இடையிடையே 10 நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டம் முழுதையும் நோக்கி யார் யார் அருகில் என்று பதிவது. ஜீன் ஆல்ட்மன் 1974-இல் வகுத்த முறைகள்தாம் இன்றும். எந்தக் குரங்கு என்பதைக் காலையிலேயே சீட்டெடுத்து முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கண் தானாகச் சண்டை நடக்கும் பக்கம் போகும். அடையாளத்துக்குக் காது விளிம்பின் வெட்டு, வால் வளைவு, முகத்துச் சிவப்புத் திட்டு. பேன் பார்ப்பது என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று முன்பே எழுதிவையுங்கள்: கையோ வாயோ மயிரைப் பிரிப்பதில் தொடக்கம், 10 வினாடி கை எடுத்தால் முடிவு, பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறினால் புதிய பதிவு.

சகிப்பை அளக்க நீங்கள் உணவு வைக்கத் தேவையில்லை. காய்த்திருக்கும் பாலை மரத்தடியில் 1 மீட்டருக்குள் எத்தனை வளர்ந்த குரங்குகள் சேர்ந்து தின்கின்றன என்று எண்ணினால் போதும். வண்டி நிறுத்துமிடத்தில் எடுத்ததையும் காட்டுக்குள் எடுத்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மனிதரிடம் உணவு கேட்பதே இவற்றில் தனிப் பழக்கமாக வளரும். பந்திப்பூரில் குல்லாய்க் குரங்குகள் ஆளைப் பார்த்துக் குரல் கொடுத்துக் கை நீட்டுவதை தேஷ்பாண்டே, குப்தா, சின்ஹா 2018-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

அரசலாறு

அப்படியானால் குரங்கு அத்தியாயம் ஒப்பீடாக நிற்காது, தனிக் கட்டுரையாக இருக்கட்டும். ஓர் ஐயம்: தனிச் சோதனையில் இரண்டாம் முறையும் தவறிய பிள்ளைகளை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பினால் அழும்.

புள்ளிவிவரம்

அனுப்ப வேண்டாம். ஜோடி சேர்த்து ஆட விடுங்கள், பதிவும் செய்யுங்கள். ஆய்வில் இரண்டு கணக்கு: எல்லா ஜோடிகளும் சேர்ந்த முடிவு ஒன்று, இருவருமே தேறிய ஜோடிகள் மட்டும் ஒன்று. இரண்டையும் அச்சிடுங்கள். தேறாதவர்கள் எந்தப் பள்ளியில், எந்த வயதில் அதிகம் என்ற அட்டவணையும். தரவைப் பார்த்த பிறகு யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பதாக இருக்கக் கூடாது. முதல் பிள்ளை உட்காரும் முன்பே எழுதித் தேதியிட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

ஆட்டத்தை வீடியோ எடுத்து, அதைப் பார்த்து யார் எப்போது இழுத்தார் என்று குறிக்கும் இருவரில் ஒருவருக்காவது எது பொதுக் கிண்ணம், எது தனிக் கிண்ணம் என்று தெரியக் கூடாது. அதனால் விதியைச் சொல்லும் பகுதியை வெட்டிவிட்டு, சத்தத்தையும் அணைத்துக் கொடுங்கள். இருவர் ஒப்புமைக்குக் கோஹன் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த ஒப்புமை அளவு, 1 என்றால் முழு ஒப்புமை) 0.8-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் குறிப்பவர்களைத் திட்டாமல் வரையறையைத் திருத்துங்கள். பெரும்பாலும் சிக்குவது, கயிற்றைச் சும்மா பிடித்திருப்பதா இழுப்பதா என்ற இடத்தில்.

தச்சுப்பட்டறை

அதுக்கு வழி இருக்கு. கயித்துல வளையத்துலேர்ந்து 5 செ.மீ. தள்ளி ஒரு சிவப்பு நூல் கட்டிடுங்க, பலகை விளிம்புல 1 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுடுங்க. சிவப்பு நூல் ஒரு கோடு தாண்டுனா இழுப்பு, தாண்டலைன்னா பிடிப்பு. கேமராவைப் பக்கவாட்டுல வைக்காதீங்க, பிள்ளையோட கை மறைச்சுடும். நேர் மேல, உத்தரத்துல கட்டுங்க. ஃபேன் நிழல் பலகையில விழாத இடமாப் பாத்துக்குங்க.

தொடக்கப்பள்ளி_மன்னை

ஓட்டுக் கட்டடப் பள்ளி என்றால் உத்தரத்தில் கட்டலாம். கான்கிரீட் கூரைப் பள்ளிகளில் கொக்கி ஃபேனுக்கு மட்டும்தான் இருக்கும். கரும்பலகைத் தாங்கி இரண்டை எதிரெதிரே நிறுத்தி, மேலே ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 6 அடி உயரம் போதும், 80 செ.மீ. பலகை முழுதும் செல்போன் கேமராவில் அடங்கும். மின்தடைக்கு ஜன்னல் ஓர அறையாகக் கேளுங்கள்.